ஏணியில் தன் இடத்தைத் தானே தேடிய சிறுமி

செயல்வழிக் கற்றலில் பாடங்கள் சிறு அட்டைகளாகப் பிரிந்திருக்கும்; அவற்றின் வரிசையைப் படங்களாகக் காட்டும் ஏணி ஒன்று சுவரில் தொங்கும்; பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொரு மைல்கல்லாக அதில் ஏறும். தொடக்கப் பள்ளிகளில் அந்த முறை நடந்த காலத்தைப் பற்றி எங்கள் ஆசிரியர் வட்டத்தில் ஒரு தீர்ப்பு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. "அட்டையைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பாழாக்கினார்கள்" என்பதே அது. குறுவள மையத்தில் நடந்த ஒரு பயிற்சியின் தேநீர் இடைவேளையில், அண்மையில் பணியில் சேர்ந்த ஓர் ஆசிரியை இதையே வேறு விதமாகச் சொன்னார். அவரே தொடக்கப் பள்ளியில் அட்டையோடு படித்தவர். "எங்களுக்கு யார் சார் பாடம் நடத்தினாங்க? தட்டுல இருந்து அட்டையை எடுப்போம், திரும்ப வைப்போம், அவ்வளவுதான்" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் சொன்னதில் பெரும்பகுதியை நானே என் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு எனக்குள் படியவே இல்லை. அந்த முறையில் ஒரே ஒரு பொருள் இருந்தது: பிள்ளை தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும் ஏணி. அதற்குப் பின் வந்த எந்தத் திட்டத்திலும் அது இல்லை. அது போனதை யாரும் ஓர் இழப்பாகக் கூடக் குறித்து வைக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

முதலில் குற்றப்பத்திரிகையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கிய முறை, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதுக்கும் ஆணையாக வந்தது. சென்னையில் அதை முதலில் செய்த ஆசிரியர்கள் அட்டைகளை உருவாக்கும்போதே அதன் உள்நோக்கத்தைப் புரிந்துகொண்டவர்கள். எங்களுக்கோ சில நாள் பயிற்சியும் பெட்டி நிறைய அட்டைகளும் கிடைத்தன. அட்டைகள் கிழிந்தன, நனைந்தன, தொலைந்தன. ஏணியில் ஓர் அட்டை தொலைந்தால் அந்த மைல்கல்லில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து நிற்பார்கள். நாங்கள் கையால் வரைந்து ஒட்டிச் சமாளிப்போம். கையில் புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாமல் திரும்பும் பிள்ளையைப் பார்த்த பெற்றோர், பள்ளியில் பாய் விரித்து விளையாட விடுகிறார்கள் என்று முடிவு செய்தார்கள். ஊருக்குள் நர்சரிப் பள்ளி வேன் வரத் தொடங்கியதும் முடிவு செயலாயிற்று. பார்வைக்கு வரும் அதிகாரிகள் முதலில் நிமிர்ந்து பார்த்தது கம்பிப் பந்தலைத்தான். பிள்ளைகளின் ஓவியங்கள் அதில் தொங்க வேண்டும் என்பதற்காக முந்தைய ஆண்டின் ஓவியங்களையே தேதி மாற்றித் தொங்கவிட்ட பள்ளிகளும் உண்டு. இவை எல்லாவற்றையும்விடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. வகுப்பறை எப்போதும் பரபரப்பாக இருந்ததால், ஒரே மைல்கல்லில் மாதக்கணக்காக நின்றுவிட்ட பிள்ளை ஆசிரியரின் கண்ணில் படாமலே போகக்கூடும். எல்லாரும் ஏதோ செய்துகொண்டிருக்கும் அறையில், ஒன்றும் நடக்காத ஒருவனைக் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

இருந்தும் அந்த முறையை எந்த வகுப்பறைக்காக உருவாக்கினார்கள் என்பதை மறந்துவிட்டு அதை எடைபோடுவது சரியாகாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். ஆக, 60 பிள்ளைகள் உள்ள ஈராசிரியர் பள்ளி என்பது பற்றாக்குறையின் விளைவு அன்று. சட்டமே ஏற்றுக்கொண்ட அளவு. ஆனால் பாடத்திட்டத்தை எழுதுகிறவர்கள் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பதாகவே எண்ணி எழுதுகிறார்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி. கூட்டிப் பார்த்தால் 23 பாடங்கள், இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர்; அவருக்கு வங்கி, வட்டாரக் கல்வி அலுவலகம், சத்துணவுக் கணக்கு, தேர்தல் பணி எல்லாம் உண்டு. மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு, ஒரு வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது மற்ற நான்கையும் "பார்த்து எழுதுங்கள்" என்று உட்கார வைப்பார். பார்த்து எழுதுவதுதான் தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகளில் மிக நீண்ட காலம் நடைமுறையில் இருந்த பாடத்திட்டம். எந்தக் குழுவின் அறிக்கையிலும் அது இடம்பெற்றதில்லை.

செயல்வழிக் கற்றலின் வேர் இத்தகைய பள்ளியில்தான் இருந்தது. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலியின் கிராமப்புறக் கல்வி மையம், பல வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஆசிரியரோடு ஒரே அறையில் இருக்கும் சிறு பள்ளிகளுக்காகவே அட்டையையும் ஏணியையும் வடிவமைத்தது. தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்த எம்.பி. விஜயகுமார், சென்னை மாநகராட்சி ஆணையராவதற்கு முன்பு வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிகளில் ஈடுபட்டவர். வெவ்வேறு வயதில், வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு அளவு தெரிந்துகொண்டு வந்து சேரும் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்க வேண்டிய தேவை அங்கே இருந்தது. ஆக இதன் பிறப்பிலேயே, பிள்ளை ஜூன் மாதம் வந்து ஏப்ரல் வரை இருப்பாள் என்ற அனுமானம் இல்லை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் ஏளனம் செய்தபோது எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்த வேலை அதுதானே? 1789 முதல் எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், இந்தப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்து, 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அங்கே அதற்கு மதராஸ் முறை என்றே பெயர்.

ஆடி மாதத்தில் வந்தவள்

நான் அப்போது பணியாற்றிய ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில், மானாவாரி நிலமே அதிகம் உள்ள பகுதியில் இருந்தது. பொங்கல் முடிந்த கையோடு சில குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விடும். மழை தொடங்கிச் சூளை நின்ற பிறகு, ஆனியிலோ ஆடியிலோ திரும்பி வருவார்கள். பிள்ளைகளும் கூடவே போவார்கள்; சின்னதுகளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, சற்று வளர்ந்ததுகள் காயும் கல்லைப் புரட்டிப்போட உதவும். அப்படிப் போன பிள்ளை திரும்பும்போது வருகைப் பதிவேட்டில் அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். சமச்சீர்க் கல்விக்கு முன்னும் பின்னும், புத்தகம் எதுவாக இருந்தாலும், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது ஒன்றுதான்: தான் இல்லாதபோது மற்றவர்கள் கடந்துவிட்ட பக்கங்கள். சில நாள் உட்கார்ந்து பார்ப்பாள். ஆசிரியர் கேட்கும்போது எழுந்து நிற்பாள். பிறகு ஆடு மேய்க்கப் போய்விடுவாள்.

ஏணி வந்த பிறகான ஓர் ஆடி மாதத்தில், இரண்டாம் வகுப்பின் நடுவில் போன ஒரு சிறுமி மூன்றாம் வகுப்புக்காரியாகத் திரும்பினாள். நான் வேறு ஒரு குழுவோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்ததைக் கவனித்தும் உடனே எழ முடியவில்லை. அவள் என்னிடம் வரவும் இல்லை. நேராகச் சுவரில் தொங்கிய தமிழ் ஏணியின் முன் போய் நின்றாள். ஆள்காட்டி விரலைக் கீழ்ப்படியில் வைத்து, படங்களைத் தடவியபடியே ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. தட்டுகள் இருந்த பக்கம் போய் அந்தப் படத்தை இலச்சினையாகக் கொண்ட அட்டையை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். வாய்க்குள் எழுத்துக் கூட்டினாள். வரவில்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது. நான் எழ நினைத்த நேரத்தில் அவளே எழுந்துவிட்டாள். அட்டையை வைத்துவிட்டு மீண்டும் ஏணியிடம் போய், விரலைக் கீழே இறக்கி, முந்தைய மைல்கல்லின் தொடக்கத்தில் வைத்து, அங்கிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். அந்த அட்டைக்கு உரிய குழுவில், ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டுக்கு வந்திருந்த குட்டிகளின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். அவர்களில் யாரும் அவளை ஏன் இங்கே வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே என்ன இருந்தது? அட்டை எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார்வதுதான் அந்த அறையின் வழக்கம்.

பிற்பகலில் அவளிடம் கேட்டேன். "முன்னாடி எங்க விட்டேன்னு தெரியும் சார். ஆனா மறந்துபோச்சு. அதான் கீழ இறங்கிட்டேன்" என்றாள். சூளைக்குப் போனதைப் பற்றியோ, மற்றவர்கள் முன்னே போய்விட்டதைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. இந்தச் சிறு நிகழ்ச்சியை நான் பலமுறை எனக்குள் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அன்று காலை அவள் மூன்று காரியங்களைச் செய்தாள்: தான் நின்ற இடத்தை நினைவுகூர்ந்தாள், அந்த இடம் இப்போது தனக்குப் பொருந்தவில்லை என்று சோதித்தறிந்தாள், பொருந்தும் இடத்துக்குத் தானே இறங்கினாள். ஆசிரியர் பயிற்சியில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் படிவமும் உண்டு. அவை எல்லாம் ஆசிரியர் நிரப்ப வேண்டிய படிவங்கள். எட்டு வயதுப் பிள்ளை, ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இல்லாமலே, படிவமும் இல்லாமலே அதைச் செய்ய முடிந்தது. பாடத்திட்டம் அவள் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், அவளால் படிக்கக்கூடிய படங்களாக, சுவரில் தொங்கியதே அதற்குக் காரணம். அவள் இல்லாதபோது ஏணி நகரவும் இல்லை. அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. அந்த ஆண்டில் அவள் பெரிதாக முன்னேறிவிடவில்லை. மறுபடியும் பொங்கலுக்குப் பின் போனாள், மறுபடியும் வந்தாள். ஆனால் பள்ளியை விட்டு நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்பை முடித்து நடுநிலைப் பள்ளிக்குப் போனாள். அதற்கு ஏணி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மதிய உணவுக்கும் அவளுடைய பாட்டிக்கும் பங்கு உண்டு.

வாரம் எண் போட்ட பாடம்

அட்டைகள் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் எளிமைப்படுத்தினார்கள். 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பாடத்தின் ஊடே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணும் பதிவேடும் வந்தன. 2018-இல் தொடங்கிய பாடநூல் மாற்றத்தில் அழகான புத்தகங்கள் வந்தன. வண்ணமும் தாளும் உள்ளடக்கமும் உண்மையிலேயே நன்றாக இருந்தன. க்யூஆர் கோடு இருந்த பக்கங்களைப் பிள்ளைகள் என் கைப்பேசியில் பார்த்து மகிழ்ந்தார்கள். புத்தகம் வந்தவுடன் வகுப்பும் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் புத்தகம் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம்தான் இருக்கும். அவளால் படிக்க முடிகிறதா என்பது வேறு கேள்வி.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் முதல் நாள். அன்று மாநிலம் முழுவதுமே சூளையிலிருந்து திரும்பி வந்த பிள்ளையைப் போல் இருந்தது. ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள், எழுதத் தெரிந்து மறந்தவர்கள், பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே பலகையில் இருந்தார்கள். தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகே சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வியும், பிறகு 2022 ஜூன் 13-இல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டமும் இதற்கான விடைகள். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது அதன் மையம். அடுத்த கல்வியாண்டில் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. நான் இத்திட்டத்தின் எதிரி அல்லன். ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வகுப்பு நிலையில்தான் வாசிக்க வருகிறது என்பதை அரசே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, அதற்கென்று பயிற்சி நூலும் அச்சிட்டுத் தந்தது சிறிய காரியம் அன்று. பாடலும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் வந்தன. ஆசிரியர் கையேடு தெளிவாக இருக்கிறது. தேநீர் இடைவேளையில் பேசிய அந்த ஆசிரியை இதை மிக நன்றாகச் செய்கிறார்; அவருடைய பிள்ளைகள் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. சூளைக்குப் போகும் குடும்பங்கள் இன்றும் போகின்றன. அப்படிப் போன ஒரு சிறுவன் ஆடியில் வந்தால் இப்போது என்ன நடக்கிறது? ஜூனில் நடந்த அடிப்படை மதிப்பீட்டில் அவன் இல்லை. ஆகவே நான் அவனுக்குத் தனியாக மதிப்பீடு செய்து, அரும்பு என்று முடிவு செய்து, செயலியில் பதிகிறேன். அவன் அரும்பு குழுவில் உட்கார்கிறான். ஆனால் அரும்பு குழுவுக்கும் ஒரு வாரத் திட்டம் உண்டு. கையேட்டில் இன்று இந்த வாரத்துச் செயல்பாடு. அவனுடைய பயிற்சி நூலில் போன வாரங்களின் பக்கங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன. அவன் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறான். குழு அவனுடைய நிலைக்குச் சரி; வாரம் அவனுக்குச் சரியில்லை. நான் பின்னே போய் அவனை அழைத்துவந்தால் மற்றவர்களுக்கான இந்த வாரம் தள்ளிப்போகிறது. மதிப்பீட்டு நாள் தள்ளிப்போவதில்லை. இவை அனைத்திலும் அவன் செய்வதற்கு எதுவும் இல்லை. அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், செயலிக்குத் தெரியும், கேட்டால் வட்டார வள மையத்துக்கும் தெரியும். அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதை அறிய அவன் மட்டும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் அந்தக் காத்திருப்பு மிக நீளமானது. அதைத்தான் நாங்கள் முன்பு "பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லி நிரப்பினோம்.

ஏணியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் குறைகளுக்கு நானே சாட்சி. ஆனால் இப்போதைய நிலைப் பிரிவையும், பிள்ளையே படித்தறியக்கூடிய ஒரு வரிசையையும் சேர்ப்பதற்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. என் வகுப்பில் ஒரு முயற்சி செய்துவருகிறேன். பயிற்சி நூலின் பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒரு பட்டையாகக் கட்டங்கள் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படமும் பக்க எண்ணும் இருக்கும். வாரம் இல்லை, தேதி இல்லை. முடித்த கட்டத்துக்குப் பிள்ளையே வண்ணம் தீட்டிக்கொள்ளும். வண்ணம் இல்லாத முதல் கட்டம் எதுவோ அதுவே அடுத்த வேலை. விடுப்பு எடுத்துத் திரும்பும் பிள்ளைகள் காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கப் பழகிவிட்டார்கள். சில பிள்ளைகள் செய்யாத வேலைக்கும் வண்ணம் தீட்டிவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அட்டைக் காலத்திலும் அந்தக் கெட்டிக்காரத்தனம் இருந்தது. இதை ஒரு பயிற்சியில் காட்டியபோது ஆசிரியர் பயிற்றுநர் ஆர்வமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா இதை எதுல ஏத்துறது?" என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரிடம் கேட்கப்போவது அதைத்தான்.

நடைமுறையில் ஒரு சிக்கல் தீராமல் இருக்கிறது. தைத்த நூலிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துத் தர முடியாது. அட்டையை எடுத்துத் தரலாம். பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகப் பத்து முறை பழக வேண்டியதை நூல் இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆகவே அலமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய அட்டைகளை எடுத்துப் பிரித்தேன். இடமதிப்பு, கடன் வாங்கிக் கழித்தல், ட, ப, ம முதலான எழுத்துகளால் ஆன சொற்கள் ஆகிய அட்டைகள் இன்றைய பயிற்சி நூலோடு அப்படியே ஒத்துப்போகின்றன. அவற்றுக்குக் கட்டப் பட்டையில் ஓர் இடம் கொடுத்திருக்கிறேன். ஆங்கில அட்டைகள் அன்றும் உதவவில்லை, இன்றும் உதவவில்லை. அவற்றை எடைக்குப் போட்டுவிடலாம் என்றால், இருப்புப் பதிவேட்டில் இன்னும் அவை கணக்கில் நிற்கின்றன.